வீடு தாங்கினால் பிள்ளை தங்கும்
கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குழந்தை நலப் பணி வந்த வழி

2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. குழந்தை நலப் பணியைப் பொறுத்தவரை, தாய் மாவட்டத்திடமிருந்து அதற்கு இரண்டு சீதனங்கள் கிடைத்தன. ஒன்று, அரசு வைத்த தொட்டில். வளர்க்க முடியாத பெண் சிசுவைக் கொல்லாமல் அதில் போட்டுவிட்டுப் போகலாம். இன்னொன்று, பெண்கள் கூடி வட்டமாக உட்கார்ந்து பணம் சேர்த்த சங்கம். தொட்டில் பிள்ளையை வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டது. சங்கம் பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கைகொடுத்தது. குழந்தை நலத்துக்கென இந்த மண்ணில் நடந்த வேலை ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்த இரண்டில் ஒன்றில் சேர்த்துவிடலாம். இரண்டாவது வழி எப்படி மெல்ல மெல்ல முதன்மை பெற்றது, எங்கே இன்னும் தடுக்கி நிற்கிறது என்று பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பஞ்சமும் போர்டிங்கும்

பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதிதான் இன்றைய கிருஷ்ணகிரியும் ஓசூரும். 1876–78இல் வந்த தாது வருஷப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. தென்னிந்தியாவில் அநாதை இல்லங்கள் பெருகியதற்கு அந்தப் பஞ்சம் பெரிய காரணம். தாய் தகப்பன் செத்துப்போன பிள்ளைகளோடு, சோறு போட முடியாமல் தாய் தகப்பனே கொண்டுவந்து விட்ட பிள்ளைகளும் அந்த இல்லங்களில் இருந்தார்கள். 'அநாதை' என்று எழுதப்பட்ட பதிவேட்டில் பெற்றோர் உள்ள பிள்ளைகள் இருப்பது அன்றைக்கே தொடங்கிய பழக்கம்.

1895இல் அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபையைச் சேர்ந்த தியோடர் நேதர் கிருஷ்ணகிரிக்கு வந்து பணி தொடங்கினார். மிஷன் பள்ளிகளோடு போர்டிங்குகளும் வந்தன. எழுத்தறிவே எட்டாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவை படிப்பையும் மூன்று வேளைச் சாப்பாட்டையும் கொடுத்தன. அந்த நன்றிக்கடனை இந்த மாவட்டம் மறக்கக் கூடாது. கூடவே ஒரு வழக்கமும் வேரூன்றியது. ஏழை வீட்டுப் பிள்ளை முன்னுக்கு வர வேண்டுமானால் வீட்டைவிட்டு வர வேண்டும் என்று ஊர் நம்பத் தொடங்கியது.

1920இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டம் இயற்றியது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல். குற்றம் செய்த சிறுவரையும் கேட்பாரற்ற சிறுவரையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து, இருவருக்கும் பெரும்பாலும் ஒரே பதிலைச் சொன்னது. மதில் சூழ்ந்த ஒரு பள்ளிதான் அந்தப் பதில். சுதந்திரத்துக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் இந்த எண்ணம் மாறவில்லை. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தபோதும் குழந்தை நலம் என்றால் ஹோம், ஹாஸ்டல், காப்பகம் என்பதாகவே இருந்தது.

குடும்பம் பிரியாமல் பார்த்துக்கொண்ட வேலையை அந்நாட்களில் செய்தவை குழந்தை நலம் என்ற பெயரே இல்லாத திட்டங்கள். காமராஜர் காலத்து மதிய உணவும் 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் ஒரு வேளைச் சோற்றுக்காகப் பிள்ளையை வேறிடத்தில் விட வேண்டிய நெருக்கடியைக் குறைத்தன. ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் 1975இல் வந்தது. இதே யோசனை உலகில் வேறிடத்திலும் எழுந்திருந்தது. 1909இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கூட்டிய வெள்ளை மாளிகை மாநாடு, வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று முடிவு சொன்னது. அதையடுத்து 1911இல் இல்லினாய் மாநிலம் தாய்மார் உதவித்தொகையைச் சட்டமாக்கியது. விதவைக்குக் கொடுக்கும் பணம் அவள் பிள்ளைக்கான பாதுகாப்பு என்பதை அங்கே வெளிப்படையாகச் சொன்னார்கள். நம் ஊரில் பணம் கொடுத்தோம், ஆனால் காரணத்தைச் சொல்லவில்லை. அதனால் ஓய்வூதியம் ஒரு துறையிலும் குழந்தைகள் காப்பகம் இன்னொரு துறையிலுமாக நின்றன.

சங்கமும் தொட்டிலும்

1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள் பிறந்த இடம் அன்றைய தர்மபுரி மாவட்டம்தான். இப்பகுதியில் மைராடா தொண்டு நிறுவனம் குழுக்களைக் கட்டியெழுப்பியது. 1990களில் அதே மைராடாவின் முயற்சியால், ஓசூர் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலைக்கு வேலை செய்து கொடுக்கும் மெடோ என்ற மகளிர் நிறுவனமும் உருவானது. கிராமத்துப் பெண்கள் கடிகாரப் பட்டைகளை இணைத்துக் கூலி வாங்கினார்கள். வாரா வாரம் சேமிப்பு, அவசரத்துக்குக் கடன், வீட்டுக்கு அருகிலேயே கூலி. இந்த மூன்றும் கையில் இருந்த தாய், பிள்ளையின் படிப்பை நிறுத்தவோ பிள்ளையை எங்காவது விடவோ நிர்ப்பந்திக்கப்படுவது குறைவு.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கதையும் நடந்தது. பெண் சிசுக்கொலை பற்றிய செய்திகளைத் தொடர்ந்து 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய அரசு, 2001இல் தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு அதை விரித்தது. அதே 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பிரிவினைக்கு முந்தைய தர்மபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்த எந்த அரசும் சும்மா இருந்திருக்க முடியாது. தொட்டில் உயிர்களைக் காப்பாற்றியது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் தொட்டிலில் விட்டுப்போன தாயிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வரமாட்டாள் என்பதுதான் திட்டத்தின் நல்ல எண்ணமே. ஏன் விடுகிறாய், என்ன இருந்தால் வைத்துக்கொள்வாய் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. மூன்றாவதும் பெண்ணா என்ற மாமியாரின் பேச்சு, சீர் செய்ய வேண்டுமே என்ற பயம், புருஷனின் குடி எல்லாம் அப்படியே அந்த வீட்டில் இருந்தன. பிள்ளை மட்டும் இல்லை. 1990களின் கடைசியில் தர்மபுரி மாவட்டத்தில் ஊர் ஊராகத் தெருநாடகக் குழுக்கள் நடத்திய கலைப்பயணம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. அது தாயிடம் மட்டுமின்றி மாமியாரிடமும் கணவனிடமும் ஊர்க்கூட்டத்திலும் பேசியது.

இன்றைய சட்டம் அந்தக் கேள்விக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. பிள்ளையை ஒப்படைக்க வரும் பெற்றோருக்கு முதலில் ஆற்றுப்படுத்தல், அதன்பின்னும் மனம் மாற இரண்டு மாத அவகாசம். தொட்டிலுக்கும் இந்த இரண்டு மாதத்துக்கும் இடையில்தான் ஒரு தலைமுறைச் சீர்திருத்தம் நடந்திருக்கிறது.

சட்டம் திரும்பிய திசை

1986இல் நாடு முழுமைக்கும் ஒரே இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. 2000இல் அது திருத்தி எழுதப்பட்டு, மாவட்டங்களில் குழந்தைகள் நலக் குழு என்ற அமைப்பு உருவானது. நம் மாவட்டத்தில் எல்லோரும் 'கமிட்டி' என்று சொல்வது இதைத்தான். 2009இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டு, ஆட்சியர் தலைமையின் கீழ் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் அமைக்கப்படும் வழி பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, மாற்றுப் பராமரிப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. வறுமை மட்டும் பிரிவுக்குக் காரணமாகக் கூடாது என்ற 1909இன் வாக்கு, நூறாண்டு கழித்து உலக நெறியானது.

2015ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாக எழுதிவைத்தது. பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு. இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி முடிவு. சேர்த்தாலும் கூடிய விரைவில் குடும்பத்துக்குத் திருப்ப வேண்டும்.

சட்டப் புத்தகத்தில் இருந்தது நடைமுறைக்கு வர நீதிமன்றம் தேவைப்பட்டது, அதுவும் தமிழ்நாட்டுக் காரணத்தால். மாமல்லபுரப் பகுதி இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றிய செய்தியைச் சுட்டி எழுதப்பட்ட ஒரு கடிதத்தை 2007இல் உச்ச நீதிமன்றம் வழக்காக ஏற்றது. பத்தாண்டு கழித்து, 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் பி. லோகூர், தீபக் குப்தா தீர்ப்பளித்தார்கள். எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், சமூகத் தணிக்கை வேண்டும், இல்லத்துக்கு மாற்றான வழிகளை வளர்க்க வேண்டும் என்றார்கள். ஹாஸ்டல் என்று பலகை மாட்டித் தப்பிக்கும் வழியை, பெண்கள் மற்றும் குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஏற்கெனவே குறுக்கியிருந்தது.

திருப்பி அனுப்புவது சீர்திருத்தம் ஆகிவிடாது

கொரோனா காலம் ஒரு பாடம் நடத்தியது. 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. நாட்டின் இல்லங்களில் இருந்த சுமார் 2.56 லட்சம் குழந்தைகளில் 1.84 லட்சம் பேர் இந்த எட்டு மாநிலங்களில் இருந்தார்கள். அவர்களை 100 நாளில் குடும்பங்களுக்கு அனுப்பும் வழியைப் பார்க்கச் சொன்னது கடிதம். வேலையும் கூலியும் நின்றுபோன நேரத்தில், எந்தக் காரணத்துக்காகப் பிள்ளை இல்லத்துக்கு வந்ததோ அந்தக் காரணம் வீட்டில் இன்னும் பெரிதாகக் காத்திருந்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, வீடு திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் ரூ.2,000 கொடுக்கவும் புத்தகமும் இணையவழிப் பாடத்துக்கான வசதியும் செய்து தரவும் உத்தரவிட்டது.

தமிழ்நாடு 2021 மே மாதம் எடுத்த முடிவும் குறிப்பிடத்தக்கது. பெற்றோர் இருவரையும் கொரோனாவில் இழந்த பிள்ளையின் பெயரில் ரூ.5 லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்த குடும்பத்துக்கு ரூ.3 லட்சம். இவற்றோடு, உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு 18 வயதுவரை மாதம் ரூ.3,000. பாட்டி வீடும் பெரியப்பா வீடும் பிள்ளை வளரத் தகுந்த இடங்கள் என்று பணம் ஒதுக்கிச் சொன்ன முடிவு அது. 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய 'அன்புக் கரங்கள்' அதே தடத்தில் வந்தது. பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 18 வயதுவரை மாதம் ரூ.2,000 தருகிறது.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் நிதி ஆதரவு மாதம் ரூ.4,000. இதில் இரண்டு வகை உண்டு. இல்லத்திலிருந்து வீடு திரும்பும் பிள்ளைக்குத் தருவது ஒன்று. இல்லத்துக்குப் போகும் நிலைக்கு வருமுன்னே தருவது மற்றொன்று. இரண்டாவதுதான் உண்மையான தடுப்பு. கணவனை இழந்த தாய், கைவிடப்பட்ட தாய், தீராத நோயில் படுத்த பெற்றோர், தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை ஆகியோருக்கு இது உரியது.

ஓசூரின் கணக்கு

இந்த இடத்தில் ஓசூரைத் தனியாகப் பேச வேண்டும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவிலும் எண்பதுகளிலும் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் வந்தன. 2019இல் ஊர் மாநகராட்சியானது. இப்போது கூத்தனப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களிலிருந்து ஒருபுறமும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து மறுபுறமும் ஆட்கள் வந்து லைன் வீடுகளில் குடியிருக்கிறார்கள். இங்கே பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் கொடுமையோ அலட்சியமோ இல்லை. ஷிஃப்ட்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் மதியம் இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போனால் திரும்ப இரவு பத்தரை ஆகும். பள்ளிக்கூடம் நான்கரைக்கு முடியும். இடையில் உள்ள ஆறு மணி நேரத்துக்கு எட்டு வயதுப் பிள்ளையை யாரிடம் விடுவது? சொந்த ஊரென்றால் அத்தை வீடு உண்டு, எதிர்வீட்டுப் பாட்டி உண்டு. லைன் வீட்டில் பக்கத்து அறைக்காரரின் மொழியே வேறு. "ஹாஸ்டல்ல விட்டுட்டா நிம்மதியா வேலைக்குப் போவேன்" என்று அவள் சொல்வது பாசக் குறைவால் அல்ல, அந்த ஆறு மணி நேரத்தால்.

சட்டத்தில் இதற்குப் பாதிப் பதில் இருக்கிறது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பறை வேண்டும் என்றது 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்கு 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டமும் அதைச் சொன்னது; அதன் இடத்தில் வந்த சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. சட்டம் சொல்லும் காப்பறை ஆறு வயதோடு முடிந்துவிடுகிறது. சின்னப் பட்டறை, ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடில், வீட்டு வேலை ஆகியவற்றுக்கு அதுவும் கிடையாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை, மாலை ஐந்திலிருந்து இரவு பதினொன்றுவரை என்ற கட்டத்தை எந்தத் திட்டமும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பணத்திலும் இதே சிக்கல். வாத்சல்யா நிதி ஆதரவுக்கு ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் ரூ.72,000, நகரத்தில் ரூ.96,000. மாதத்துக்குப் பிரித்தால் 6,000, 8,000. அஞ்செட்டி மலையில் கூலிக்குப் போகும் விதவைக்கு இந்த வரம்பு பொருந்தும். ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக மாதம் பத்தாயிரம் வாங்கும் விதவை, வாடகை கொடுத்து, வட்டி கட்டி, மிச்சத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாலும், தாளில் அவள் வசதியானவள். வேலைக்குப் போகாவிட்டால் தகுதி உண்டு, போனால் இல்லை என்ற நிலை, தொழில் நகரத்துக்கு ஒரு வரம்பு போதாது என்பதைக் காட்டுகிறது.

எல்லைக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. தாய் பெங்களூரில் கட்டட வேலையில், தகப்பன் வேறு ஊரில், பிள்ளை ஓசூர் பஸ் நிலையத்தில். ஆதார் ஒரு மாநிலத்தில், ரேஷன் அட்டை இன்னொரு மாநிலத்தில். விசாரணையில் பிள்ளையின் வீடு வேறு மாவட்டம் என்று தெரிந்தால் அந்த ஊர்க் குழுவுக்கு மாற்றச் சட்டம் வழி சொல்கிறது. மாற்றல் உத்தரவு கிடைப்பதைவிட, அங்கே வீடு ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஆள் கிடைப்பதுதான் அரிது.

கமிட்டியின் முன்

மீட்கப்படும் பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்த வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர், மாதம் குறைந்தது 20 நாள் அமர்வு. சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள், விசாரணை முழுவதற்கும் நான்கு மாதம். 1996இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவி, பின்னர் அரசின் பொறுப்பில் வந்த 1098 குழந்தைகள் உதவி எண்ணில் தொடங்கி, இந்தச் சங்கிலியில் எல்லாமே முக்கியம். ஆனாலும் முடிவு நிற்பது அந்த விசாரணை அறிக்கையின் மீது.

'குடும்பம் ஏழ்மையானது, பராமரிக்க இயலாது' என்று ஒரே வரியில் எழுதினால் உத்தரவு இல்லத்துக்குத்தான் போகும். காலையில் சமைப்பது யார், வாடகை எவ்வளவு, மைக்ரோ ஃபைனான்ஸ் தவணை எந்தக் கிழமை, தாய்மாமன் எங்கே இருக்கிறான், அவன் வீட்டில் வயது வந்த பெண் யார், பிள்ளை யார் பெயரைச் சொன்னால் முகம் மலர்கிறது என்று போய்ப் பார்த்து எழுதினால் உத்தரவு வேறு மாதிரி வரும். இந்த மாவட்டத்தில் அதைத் தமிழில் மட்டும் கேட்டு எழுத முடியாது. தெலுங்கும் கன்னடமும் உருதும் வேண்டும். இப்போது இந்தியும் ஒடியாவும்கூட வேண்டியிருக்கிறது. கூலியும் பயணப்படியும் குறைவாக வாங்கிக்கொண்டு மலையேறிப் போய் அறிக்கை எழுதும் களப்பணியாளர்கள்தான் இந்த வரலாற்றைச் செய்தவர்கள். விழா மலர்களில் அவர்கள் படம் வருவதில்லை.

வீட்டோடு வைப்பதே எப்போதும் சரி என்று யாரும் சொல்லவில்லை. அடியும் பாலியல் தொல்லையும் உள்ள வீட்டிலிருந்து பிள்ளையை எடுத்தே ஆக வேண்டும். மேல்நிலைப் பள்ளி எட்டாத மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு உண்டு உறைவிடப் பள்ளி, பல நேரம் குழந்தைத் திருமணத்துக்கு எதிரான ஒரே அரண். அங்கே விடுதி குடும்பத்துக்குத் துணை நிற்கிறது. பள்ளி தூரம் என்பதால் விடுதியில் இருக்கும் பிள்ளையும், தாய்க்கு வேலை நேரம் ஒத்துவரவில்லை என்பதால் இல்லத்தில் இருக்கும் பிள்ளையும் ஒன்றல்ல. முன்னவளுக்கு விடுமுறையில் போக வீடு இருக்கிறது. பின்னவளின் வீட்டை நாம் கட்டித்தர வேண்டியிருக்கிறது.

இனி

மாவட்டம் இருபது ஆண்டைக் கடந்துவிட்டது. அடுத்த கட்டத்துக்கு நான்கு வேலைகளை முன்வைக்கலாம். சிப்காட் பகுதியில் தொழிற்சாலைகள் சேர்ந்து, பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஷிஃப்ட் முடியும்வரை திறந்திருக்கும் மாலைக் காப்பகங்களை நடத்த வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இல்லங்களுக்குக் கட்டடம் கட்டித் தருவதைவிட இதற்குச் செலவாவது மேல். இரண்டாவது, கிருஷ்ணகிரியிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓசூரில் குழுவின் அமர்வு குறித்த நாட்களில் நடக்க வேண்டும். விசாரணைக்கு வரும் தாய்க்கு ஒரு நாள் கூலி போவது சின்ன விஷயமில்லை. மூன்றாவது, நிதி ஆதரவின் வருமான வரம்பைத் தொழில் நகரங்களில் வாடகையைக் கழித்துப் பார்க்குமாறு மாநில அரசு கேட்க வேண்டும். நான்காவது, பெங்களூரு நகர்ப்புற, ஊரக மாவட்டங்களின் குழுக்களோடு நிலையான தொடர்பு வேண்டும். பிள்ளை கிடைத்த அன்றே மறுபக்கத்தில் ஒருவர் வீடு தேடிப் புறப்பட வேண்டும்.

இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. 1989இல் இந்த மண்ணில் தொடங்கிய சங்கங்கள் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்பது அலுவலகத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு தாளில் கூடாமல் அந்தப் பெண்களோடு கூடட்டும். அடுத்து இந்த வரலாற்றை எழுதுபவர் எத்தனை இல்லங்கள் திறந்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டாம். எத்தனை பிள்ளைகளுக்கு இல்லமே தேவைப்படவில்லை என்று காட்டினால், இந்தப் பணி தன் வேலையைச் செய்தது என்று பொருள்.